கரோலினின் பெயரில்

பல் வைத்தியரின் வாசலில் சப்பாத்துத் தட்டு நிறைந்திருந்தது, காத்திருக்கும் அறையில் ஒருவரும் இல்லை. பனி உருக வீதியில் தூவும் உப்பு வெள்ளையாய்க் காய்ந்த பனிக்காலச் சப்பாத்துகள் சோடி சோடியாக அடுக்கியிருக்க, அவற்றில் சிலவற்றின் மேல் தடிப்பாகத் தூசி படிந்திருப்பதை அன்ரனெற் கவனித்தாள். கவனித்தும் தன்னுடையதைக் கழற்றி ஓரமாக வைத்தாள். பல் வலியோடு வந்தவளுக்குத் தூசியைப் பற்றி என்ன ஆராய்ச்சி.

பதினொரு வருடமாக அவள் பல் வைத்தியரிடம் போனதில்லை. ஏஜென்சி மூலம் விமானநிலையச் சமையற்கூடத்தில் சாப்பாட்டுத் தட்டு அடுக்குகிறவளுக்குப் பல்லுக்கென்று காப்புறுதி ஏது? கராம்பையும் பனடோலையும் வைத்தே காலத்தை ஓட்டினாள். இந்தக் கிழமை கன்னம் பணிஸ் மாதிரி வீங்கிவிட்டது. கணவனின் தங்கை கரோலின்தான் வழி சொன்னாள்.

"ரெக்ஸ்டேலிலை ஒரு பிளாசாவுக்குக் கீழை மலிவா ஒரு இடம் இருக்காம். என்ர இன்சூரன்ஸ் காட்டைக் கொண்டு போங்கோ மச்சாள். அங்கை ஐடி கேக்கமாட்டினமாம். ஆனா ஆர் கேட்டாலும் நீங்கள்தான் கரோலின். பிடிபட்டா என்ர வேலை போயிடும். அண்ணைக்கும் சொல்லிப்போடாதேங்கோ."

கவுண்டரில் இருந்த இளம்பெண் தலையை நிமிர்த்தவில்லை.

"பேர்?"

"கரோலின்." சொல்லும்போதே நாக்குக் கூசியது.

"இதிலை கையெழுத்து வையுங்கோ அன்ரி."

இரண்டு நாளாய்ப் பழகிய கையெழுத்தை வைத்தாள். பிறகு சும்மா கேட்பதுபோல், "மற்ற ஆக்கள் எங்கை?" என்றாள்.

"எல்லாரும் உள்ளுக்கைதான்."

உள்ளே நீளமான நடை. யன்னல் இல்லை. கராம்பெண்ணெய் மணத்துக்கு அடியில் எரிந்த நகம் போல ஒரு மணமும், பலநாள் தோய்க்காத உடுப்பின் மணமும் கலந்து வந்தன. பல்லைத் துளைக்கும் மெசின் சத்தம் எங்கும் கேட்கவில்லை, பேச்சுக்குரலும் இல்லை. எச்சிலை உறிஞ்சும் குழாய்களின் சத்தம் மட்டும், ஒன்றல்ல, பல, அவளை இருத்திய கதிரைக்குப் பக்கத்தில் தொங்கிய பச்சைத் திரைக்கு அப்பாலிருந்து ஈரமாகக் கேட்டுக்கொண்டே இருந்தது. மலிவான இடம், சனம் கூடத்தான் வரும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

வைத்தியர் வயதானவர். முகக்கவசத்துக்கு மேலே கண்கள் இரக்கமாகத்தான் இருந்தன.

"வாயைத் திறவுங்கோ."

திறந்தாள். அதே நொடியில் திரைக்கு அப்பால் ஏதோ மெல்ல முறிந்தது. ஒன்றல்ல, பல. மூட்டுகள் சொடுக்குவது போல. பழைய கட்டடம், குளிருக்குத் தண்ணீர்க் குழாய் முறுகும், வேறென்ன.

விறைப்பு ஊசி ஏறியது. இடப்பக்கம் ஒன்று. இன்னொன்று. பிறகு வலப்பக்கம்.

"டொக்டர், மற்றப் பக்கம் நோகேல்லை. ஒரு பல்லுத்தானே?"

அவர் இன்னொரு ஊசியை எடுத்தார். அது ஏறியதும் தோள்கள் கனத்தன. பிறகு கைகள்.

"பயப்பிடாதேங்கோ," என்றார் அன்பாக. "இஞ்ச வாறவை ஒருத்தரும் சொந்தப் பேரிலை வாறேல்லை. அதாலைதான் தேடியும் ஒருத்தரும் வாறேல்லை."

அப்போதுதான் அவளுக்குச் சப்பாத்துகளின் மேலிருந்த தூசி விளங்கியது. எழும்பப் பார்த்தாள். கால்கள் கேட்கவில்லை. நான் அன்ரனெற், நான் கரோலின் இல்லை என்று கத்தப் பார்த்தாள். பல்லுப் போனால் சொல்லுப் போச்சு என்பார்கள். அவளுக்குப் பல் போக முதலே சொல் போய்விட்டது. கரோலினின் வேலை போனால் போகட்டும். உயிர் பெரிது. ஆனால் நாக்கு அசையவில்லை.

வெளியே தொலைபேசி அடித்தது.

"ஓம், சொல்லுங்கோ," என்றது கவுண்டர்ப் பெண்ணின் குரல். "மச்சாள் இன்னும் வீட்டை வரேல்லையோ? நீங்கள் ஆர் கதைக்கிறது? கரோலினோ?" கடதாசி புரளும் சத்தம் கேட்டது. "கரோலின் இஞ்சதான் படுத்திருக்கிறா. கையெழுத்தும் வைச்சவ. அப்ப நீங்கள் ஆர்?"

சொல்லு. என்ர பேரைச் சொல்லு, கரோலின். ஒரு சொல்லுத்தான்.

காத்திருந்தாள். குழாய்கள் உறிஞ்சின.

"போனை வைச்சிட்டா டொக்டர்."

அன்ரனெற்றுக்குக் கோபம் வரவில்லை. அந்த இடத்தில் தானும் வைத்துத்தான் இருப்பாள். அதை நினைக்கத்தான் நெஞ்சு வெடித்தது. கண்ணீர் காதுக்குள் வழிந்தது. துடைக்கக் கை எழவில்லை.

வைத்தியர் திரையை இழுத்தார்.

வரிசையாகக் கதிரைகள். கடைசி தெரியவில்லை. ஒருவர் செக்கியூரிற்றி உடுப்பில். ஒருத்தி கோப்பிக்கடைத் தொப்பியோடு. ஒருவர் குளிர்க்கோட்டைக்கூடக் கழற்றவில்லை. எல்லாருக்கும் உதடு உள்ளே மடிந்திருந்தது. எல்லாருக்கும் மூச்சு இருந்தது. கண்கள் அவளைத்தான் பார்த்தன.

"வாயைத் திறவுங்கோ," என்றார் வைத்தியர்.

முன்பு கேட்ட அதே முறிகிற சத்தத்தோடு அத்தனை வாயும் திறந்தன. ஒன்றிலும் ஒரு பல் இல்லை. அவளுடைய வாயும், அவளைக் கேளாமலே, திறந்தது.