சொல்லாமல் அறுத்த கடமான்

“காதை அறுத்துக் குடுங்கன்னா கேட்டேன்? காதுகிட்ட குனிஞ்சு ஒரு வார்த்தை. அவ்வளவுதான்.”

“உன் வார்த்தையெல்லாம் கோர்ட்டுல சொல்லிக்கோ.”

“கோர்ட்டுல மனுசங்கதானே சார் இருப்பாங்க. இது அதுக்குச் சொல்ல வேண்டியது.”

நான் கையுறையை மாட்டிக்கொண்டு கொட்டகைக்குள் நுழைந்தபோது இந்தப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. காலை பத்து மணி. வனத்துறை அலுவலகத்துக்குப் பின்னால் ஜீப் கழுவுகிற தகரக் கொட்டகை அது. நான் அந்தச் சரகத்தின் கால்நடை மருத்துவர். ஈரச் சிமெண்ட் தரையில் ஒரு பெட்டைக் கடமான் கிடந்தது. கழுத்தில் அம்பு போன ஓட்டை. அதன் விளிம்பில் ஈக்கள் வரிசையாக உட்கார்ந்து, பந்தியில் இடம் பிடித்தவர்களைப் போல நிதானமாகக் கால்களைத் தேய்த்துக்கொண்டிருந்தன.

அதைக் கொன்றவர் ஜன்னல் கம்பியோடு விலங்கிடப்பட்டு உட்கார்ந்திருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். நடந்தால் சருகுகூட நொறுங்காது என்பதால் காவலர்கள் அவருக்கு வைத்த பெயர் பூனைக்கால். காட்டுக்குள்ளேயே குடியிருக்கும் சனத்தைச் சேர்ந்தவர். அந்தக் காட்டைச் சரணாலயம் என்று அறிவித்துப் பதினோரு வருடம் ஆகிறது. அதுவரை வேட்டை என்று இருந்தது அன்றிலிருந்து குற்றம் ஆனது.

“அப்படி என்னதான் சொல்லணும்?” என்று கேட்டேன்.

“‘நீ செத்துட்ட, கெளம்பு’ன்னு சொல்லணும் டாக்டரம்மா.”

ரேஞ்சர் சிரித்தார். “ஏன், செத்தது அதுக்கே தெரியாதாமா?”

“பின்னாலேர்ந்து அடிச்சேன் சார். அது பாட்டுக்குத் தின்னுக்கிட்டு நின்னுச்சு. தெரிஞ்சிருக்காது.” ஏதோ பேருந்து நேரம் சொல்வதுபோல அவர் சொன்னார். “எங்க ஆளுங்க சொல்லாம கத்தி வைக்க மாட்டாங்க. கொன்னவன்தான் சொல்லணும், வேற யார் சொன்னாலும் அது நம்பாது. சொல்லாம வயித்தைத் திறந்தா வெளிய வந்து முழிக்கும். பக்கத்துல கத்தியோட யார் நிக்கறாங்களோ, அவங்களுக்குள்ள போய் இருந்துக்கும்.”

“அதுக்கும் குவார்ட்டர்ஸ் வேணுமாமா டாக்டர்,” என்றார் ரேஞ்சர். ஆனாலும் நல்ல மனிதர். பிறகு என் பக்கம் சாய்ந்து, “விட்டுடலாமா? ஒரு நிமிஷம்தானே,” என்றார்.

நான்தான் வேண்டாம் என்றேன். சாட்சிப் பொருளைக் குற்றம் சாட்டப்பட்டவர் தொட்டால் அவருடைய வக்கீல் அதையே பிடித்துக்கொள்வார் என்றேன். அது சரியான காரணம். ஆனால் என்னுடைய காரணம் வேறு. அந்தக் காட்டில் கடமான்கள் இருநூறுக்கும் கீழே போய்விட்டன. நடந்து நடந்து எண்ணியவள் நான். கீழே கிடந்ததன் இடது காதில் இருந்த மஞ்சள் அடையாள வில்லை இரண்டு வருடத்துக்கு முன் நான் குத்தியது. அன்று மயக்கம் தெளியும்வரை அதன் தலையை என் மடியில்தான் வைத்திருந்தேன். கொன்ற கையோடு அதனிடம் இவர் விடைபெறுவதா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பூனைக்கால் என் முகத்தைப் படித்துவிட்டார்.

“அந்தக் காதுல நீங்க சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டீங்க. இன்னொரு காது சும்மாதானே இருக்கு டாக்டரம்மா.”

நான் கத்தியை வைத்தேன்.

இரைப்பை முரசு மாதிரி விறைத்திருந்தது. கத்தி முனை பட்டதும் சீறிக்கொண்டு ஒரு பச்சை ஆவி என் முகத்தில் அடித்தது. ஊறிய புல், புளித்த பால், பழைய ரத்தம் எல்லாம் கலந்த சூடு. அப்போது நான் வாயைத் திறந்திருந்தேன். ஒரு மிடறு உள்ளே போனது. விழுங்கிவிட்டேன் என்பது விழுங்கிய பிறகுதான் தெரிந்தது.

உள்ளே பச்சைக் கூழ். செத்து ஐந்து மணி நேரம் ஆகியும் அது கொதிக்கும் கஞ்சி போல மெல்ல எழுந்து எழுந்து அடங்கியது. முழங்கை வரை கையை விட்டு மாதிரி எடுத்தேன். வெதுவெதுப்பாக இருந்தது. ஏதோ என் விரல்களை உறிஞ்சுவது போல இருந்தது.

“டாக்டர்,” ரேஞ்சரின் குரல் இறங்கியிருந்தது. “வாயைப் பாருங்க.”

கடமானின் கீழ்த்தாடை இடது பக்கம் நகர்ந்தது.

பிறகு வலது பக்கம்.

“காத்து,” என்றேன். “வயித்துல காத்து இறங்கினா தசை இழுக்கும்.”

இன்னும் மூன்று முறை நகர்ந்தது. மூன்றாவது முறை பல் உரசும் சத்தம் கேட்டது. பூனைக்கால் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.  

அறிக்கையில் இரைப்பையில் இருந்தவற்றை எழுதினேன்: மூங்கில் இலை, மரப்பட்டை நார், சிவப்புக் கொட்டைகள் ஏழு, விரல் நீளத்தில் நீல நைலான் கயிறு ஒரு துண்டு. கையெழுத்துப் போட்டேன். அன்று நான்கைந்து தாள்களில் கையெழுத்துப் போட்டேன்.

என் வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். வீட்டில் சமையல் அவருடையது. அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முட்டை வேகவைத்திருந்தார். உரித்த முட்டையை வாயருகே கொண்டு போனதும் எனக்கு அது இறைச்சியாக நாறியது. இன்னும் இதயம் துடிக்கிற, ஈரமான, உயிருள்ள இறைச்சி. ஓடிப்போய் வாந்தி எடுத்தேன்.

“என்ன டாக்டரே, நல்ல செய்தியா?” என்று கதவுக்கு வெளியே நின்று கேட்டார்.

“கெட்ட முட்டை.”

“என் முட்டையைக் குறை சொன்னா நாளையிலேர்ந்து நீதான் சமையல்.”

நகக்கண்ணில் பச்சை போகவில்லை. சோப்பு, எலுமிச்சை, மண்ணெண்ணெய் எல்லாம் போட்டுத் தேய்த்துப் பார்த்தேன். மறுநாள் சோறு இறங்கவில்லை. அடுத்த நாளும் இறங்கவில்லை. ஆனால் பசியும் இல்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் அலுவலக மேஜையில் உட்கார்ந்திருந்தபோது அடிவயிற்றிலிருந்து ஓர் உருண்டை கிளம்பியது. நெஞ்சைக் கடந்து, தொண்டையை அகட்டிக்கொண்டு ஏறி வாய்க்குள் வந்து உட்கார்ந்தது. எலுமிச்சை அளவு இருந்தது. வெதுவெதுப்பாக இருந்தது. நார் நாராக இருந்தது.

துப்பத்தான் நினைத்தேன். அதற்குள் தாடை அசைந்துவிட்டது.

இடது பக்கம். வலது பக்கம்.

எதிர் மேஜை எழுத்தர் நிமிர்ந்து பார்த்தார். வெற்றிலை போட்டிருப்பதாக நினைத்திருப்பார். நான் ஜன்னலைப் பார்த்தபடி மென்றேன். புளிப்பும் கசப்பும் கலந்த சாறு கடைவாயில் வழிந்தது. நாற்பது முறை, ஐம்பது முறை மென்றிருப்பேன். பிறகு அதை விழுங்கினேன். இன்னொன்று எப்போது வரும் என்று காத்திருந்தேன்.

அது எவ்வளவு இதமாக இருந்தது என்பதுதான் எனக்கு இன்றுவரை குமட்டுகிறது.

நான்காம் நாள் காலை, கண்ணாடி முன்னால் நின்று என்னைக் கட்டாயப்படுத்தித் துப்பினேன். வாஷ்பேசினில் ஒரு பச்சைக் குவியல். அதை விரலால் கலைத்தேன். மூங்கில் இலை. மரப்பட்டை நார். ஒரு சிவப்புக் கொட்டை.

நீலமாக ஏதோ ஒன்று.

கழுவி அளந்தேன். என் விரல் நீளம். அந்தத் துண்டு முத்திரையிட்ட புட்டியில், நாற்பது மைலுக்கு அப்பால் ஓர் ஆய்வகத்தில் இருக்க வேண்டும்.

ஆறாம் நாள் விடியலில் என் வீட்டுக்காரர் என்னைக் கொல்லைப்புறத்தில் கண்டுபிடித்தார். வேலிச்செடி ஓரம் முட்டி போட்டிருந்தேனாம். கைகளைப் பயன்படுத்தவே இல்லையாம். என் உதட்டில் ஒட்டியிருந்த மண்ணையும் நத்தைக் கூட்டையும் அவர் தன் துண்டால் துடைத்தார். அந்தத் துண்டை ஒரு முறை முகர்ந்து பார்த்துவிட்டுத் தூர வைத்தார். அவர் ஏதாவது கிண்டல் செய்வார் என்று காத்திருந்தேன். செய்யவில்லை.

“ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்மா,” என்றார். 

அங்கே குழாய் விட்டுப் பார்த்த மருத்துவர் பாதியிலேயே அதை உருவிக்கொண்டு வெளியே போனார். திரும்பி வந்தபோது கைகளிலிருந்து சோப்பு நுரை சொட்டியது. பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். “ஆறு நாள்ல ஒன்பது கிலோ குறைஞ்சிருக்கீங்க. மனுச வயிறு இலையை வச்சுக்கிட்டு ஒண்ணும் பண்ண முடியாது. இப்படியே போனா இன்னும் ரெண்டு வாரம்,” என்று என்னிடம் சொல்லாமல் என் வீட்டுக்காரரிடம் சொன்னார்.

ஆஸ்பத்திரி வாசலில் நின்றே ரேஞ்சருக்குப் போன் செய்தேன். “சார், தலை ஃப்ரீஸர்லதானே இருக்கு? அவரைக் கூட்டிட்டு வந்து அந்த ஒரு நிமிஷத்தைக் குடுத்துடலாம்.”

 “என்ன டாக்டர் இது. அன்னைக்கே கோர்ட்டு உத்தரவு வாங்கி எரிச்சாச்சே. தலை, தோல், குளம்பு, எல்லாத்தையும். எரிக்கலாம்னு மருத்துவர் கையெழுத்து வேணும். நீங்கதான் போட்டீங்க.”

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில்தான் பூனைக்காலை அடைத்திருந்த கிளைச் சிறை இருக்கிறது. வண்டியை அங்கே நிறுத்தச் சொன்னேன்.  என் வீட்டுக்காரர் மனு எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வேப்பமரத்தடியில் நின்றார்.

மத்தியானம் இரண்டு மணி. பார்வையாளர் அறையில் ஒரு மின்விசிறி, ஒரு பெஞ்சு, நடுவே தரையிலிருந்து கூரை வரை கம்பிவலை. மூலையில் ஒரு காவலர் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். உள் கதவு திறந்தது. பூனைக்கால் ஓர் அடி எடுத்து வைத்தவர் அப்படியே நின்றார்.

அவர் மூக்கு விடைத்தது.

நேராக வரவில்லை. சுவரோரமாகவே நகர்ந்து, மின்விசிறிக் காற்று என்னைத் தொட்டுவிட்டு அவரிடம் போகும் இடத்துக்கு வந்து நின்றார். ரப்பர் செருப்பு போட்டிருந்தும் துளிச் சத்தமில்லை. என் கண்ணைப் பார்க்கவில்லை. என் தோளுக்குக் கொஞ்சம் கீழே, விலா ஆரம்பிக்கும் இடத்தைப் பார்த்தார். அம்பு விடுகிறவர்கள் பார்க்கும் இடம்.

“தலையை ஆட்டாதீங்க,” என்று கிசுகிசுத்தார். “மிரளும்.”

“மிரண்டு ஓடட்டும். அதுக்குத்தான் வந்திருக்கேன்.”

“அது தனியா ஓடாதும்மா.”

எனக்கு வாயில் எச்சில் ஊறியது. கீழே உருண்டை அசைய ஆரம்பித்திருந்தது. அது மேலே வருவதற்குள் பேசிவிட வேண்டும்.

“நான் பண்ணினது தப்பு. அன்னைக்கு விட்டிருக்கணும். இப்ப சொல்லிடுங்க. அந்த வார்த்தையை.”

“எந்தக் காதுல சொல்றது? தலை எங்க?”

“எரிச்சுட்டோம்.”

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.  சாம்பலான காதை நினைத்து அழுகிறாரோ என்று தோன்றியது. திறந்தபோது கண்ணில் ஈரம் இல்லை. அருவருப்புதான் இருந்தது. பாதி தின்ற பொருளைத் தட்டில் பார்ப்பவர் போல அவர் என்னைப் பார்த்தார்.

“நாங்க கொல்லுவோம், தின்னுவோம். இப்படி வச்சிருக்க மாட்டோம்,” என்றார்.

நான் மோவாயைத் துடைத்துக்கொண்டேன். 

“இப்ப அதுக்கு இருக்கறது உங்க காதுதான்,” என்றார் பிறகு, இன்னும் தாழ்ந்த குரலில். “நான் சொன்னா அது நம்பும். போயிடும். ஆனா அந்தக் காதுல நீங்களும் இருக்கீங்களே. ‘நீ செத்துட்ட’ன்னா யாருக்கெல்லாம் கேக்கும்னு எனக்குத் தெரியல. மனுசங்களுக்கு நான் இதுவரைக்கும் சொன்னதில்ல.” உதட்டோரம் லேசாக இழுத்தது. “ஏற்கனவே ஒரு கேசு இருக்கு.”

“சொல்லலேன்னாலும் ரெண்டு வாரம்தான். டாக்டர் சொல்லிட்டார்.”

“வெளிய நிக்கறாரே, உங்க வீட்டுக்காரரா?”

“ஆமா.”

“அவர்கிட்ட சொல்லிட்டு வந்தீங்களா?”

நான் தலையை ஆட்டாமல் நின்றேன்.

அவர் பெருமூச்சு விட்டுக் கம்பிவலையின் அருகே வந்தார். முதல் முறையாக அவருடைய வாசனை எனக்கு எட்டியது. புகை, வியர்வை, இரும்பு. என் முதுகு முழுக்க மயிர் சிலிர்த்தது. கால்கள் ஓடத் தயாராகித் தரையில் அழுந்தின. பெஞ்சைப் பிடித்துக்கொண்டு என்னை நிறுத்தினேன். பிறகு குனிந்து, வலது காதைக் கம்பிவலையில் வைத்தேன். துருவின் குளிர்ச்சி.

அவர் வாயைக் காதருகே கொண்டுவந்தார். மூச்சு பட்டது.

என் காது திரும்பியது.

என் தலை அசையவில்லை. காது மட்டும் அடியோடு மடங்கி, அவர் குரல் வரும் திசைக்குத் தானாகத் திரும்பி விறைத்து நின்றது. மூலையில் இருந்த காவலர் கொட்டாவியைப் பாதியில் நிறுத்தினார்.

சொல்லுங்க என்று சொல்லத்தான் நான் வாயைத் திறந்தேன். உருண்டை தொண்டையைத் தாண்டி நாக்கின் மேல் ஏறி உட்கார்ந்தது. தாடை ஒரு முறை இடது பக்கம் போய் வந்தது. பச்சைச் சாறு மோவாயில் வழிய, அதற்கு நடுவிலிருந்து என் குரலில், ஆனால் என்னைக் கேட்காமல், ஒரு வார்த்தை வந்தது.

“சொல்லாதீங்க.”

பூனைக்காலின் மூச்சு நின்றது.

“இன்னும் கொஞ்ச நாள் மேஞ்சுக்கறேன்,” என்று கெஞ்சியது என் வாய். “விடுங்களேன்.”