மூடிய கை

இந்தக் காலத்தில் ஒருத்தரும் மனிதன் மூஞ்சியைப் பார்ப்பதில்லை, மெஷினைத்தான் பார்க்கிறார்கள் என்று குலாம் ரசூலுக்கு ஆத்திரம். கட்டிலில் மகன் ஆதில் அசையாமல் கிடந்தான். ஆனால் அவன் விரலில் மாட்டியிருந்த கிளிப்பில் தொண்ணூறாக இருந்த நாடித்துடிப்பு எண் நூற்று முப்பதைத் தொட்டிருந்தது.

பைக்கிலிருந்து விழுந்து மண்டை உடைந்தவன். டாக்டர் தடுத்தும் கைநாட்டு வைத்து நேற்று வீட்டுக்கு அழைத்துவந்தது இவர்தான். மாத்திரை வாங்கக் கிளம்பும்போது மருமகள் ரூஹி இரண்டு தடவை சொன்னாள்.

"மாமா, மூளையில அடிபட்டதுல இதயமும் கெட்டுப்போயிருக்காம். நம்பர் நூத்தி இருபது தாண்டுனா ஆம்புலன்ஸ கூப்புடுங்க."

"அடி மண்டையில, ரிப்பேரு நெஞ்சுலயா? டாக்டரு எவன்கிட்ட கதை வுடுறான்? நாப்பது வருசம் ஆடு அறுத்தவன் நானு. தலை அந்தாண்ட கெடக்கும், இதயம் என் கையில துடிச்சிக்கினு இருக்கும். பாத்தவன்கிட்டயே சொல்றான்."

"அது ஆடு மாமா. இது உங்க புள்ள."

சைதாப்பேட்டை மத்தியானம் ஜன்னல் வழியே மீன் நாற்றத்தையும் மின்சார ரயிலின் தடதடப்பையும் கொண்டுவந்து போட, மேலே ஃபேன் கிரீச்சிட, கட்டிலிலிருந்து டெட்டாலும் மூத்திரமும் கலந்த வாடை எழ, அதற்கெல்லாம் மேலாக அந்தக் கிளிப் விடாமல் கத்திக்கொண்டிருந்தது. பிள்ளை தூங்கட்டும் என்று அதைப் பிடுங்கித் தலையணைக்கு அடியில் செருகினார். உள்ளங்கையை ஆதிலின் மார்பில் வைத்தார்.

துடித்தது. வேகமாக, மேலோட்டமாக, புழு நெளிவதுபோல. கை அறிந்த துடிப்புதான்.

"நல்லாத்தான ஓடுது," என்றார்.

ஆதிலின் உதடு நீலம் பூத்தது. அவர் பார்த்தார். ஜன்னல் வெளிச்சம் அப்படி. வியர்வை காய்ந்தது. ஃபேன் காற்று. மார்பு ஏறவில்லை. அசந்து தூங்குகிறான்.

கைக்குக் கீழே துடித்தது.

படியில் செருப்புச் சத்தம். ரூஹி. மாத்திரைப் பையைக் கீழே போட்டுவிட்டு ஆதிலின் கன்னத்தைத் தொட்டாள்.

"மாமா! ஜில்லுனு கீறாரே! எவ்ளோ நேரமா இப்டி?"

"கத்தாத. துடிக்குது பாரு."

அவர் கையைத் தள்ளிவிட்டு அவள் ஆதிலின் மார்பில் காதை வைத்தாள். இந்தப் பக்கம். அந்தப் பக்கம்.

"ஒண்ணுமே இல்ல மாமா. ஒண்ணுமே இல்ல!"

இதயம் அவர் கையில் இருந்தது. சூடாக. கனமாக. சட்டென்று விரல்களை மூடிக்கொண்டார்.

"பொய் சொல்ற," என்றார்.

படியிறங்கினார். அவள் அலறல் தெருவரை வந்தது. எதிரே வந்த பெண் அவர் கையைப் பார்த்து ஒதுங்கினாள். விரலிடுக்கில் ஈரம் கசிந்து மணிக்கட்டில் இறங்கியது. அவர் குனிந்து பார்க்கவில்லை. முஷ்டிக்குள் அது முட்டியது. மறுபடி முட்டியது.

"இன்னா கெட்டுப்போச்சு? நல்லாத்தான் கீது."

கையைத் திறக்காமல் நடந்தார்.