தவிட்டுப் பிள்ளை

திண்டிவனத்தில் குட்டியானை வண்டியிலிருந்து சாமான்களை இறக்கி முடித்த நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. மூடிக் கிடந்த அரிசி ஆலைக்குப் பின்னால், அதன் சுவரை ஒட்டினாற்போல ஓர் ஓட்டு வீடு. முன்னறை ஒன்று, அடுப்படி ஒன்று, இரண்டுக்கும் நடுவே ஜன்னலே இல்லாத உள்ளறை. ஆலை ஓடி எத்தனை வருடம் ஆயிற்றோ, அவித்த நெல்லின் புளித்த வாடை மட்டும் இன்னும் போகவில்லை. வாடகை குறைவு, பஸ் ஸ்டாண்டு பக்கம், இதற்குமேல் என்ன வேண்டும் என்று சேரன் முடிவு செய்துவிட்டான். மரக்காணம் போகும் தனியார் பஸ்ஸில் அவன் டிரைவர். விடிவதற்குள் வண்டியை எடுக்க வேண்டும். வளவனூரிலிருந்து தினமும் வந்து போவது அவனுக்கு முடியவில்லை.

"இன்னா இசை, ஊடு புடிச்சிருக்குதா?" என்றான்.

"நல்லாத்தான் இருக்குது. கொஞ்சம் இருட்டு," என்றாள் இசைவாணி.

அவள் இடுப்பில் இருந்த குப்பு உள்ளறையையே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அக்கா, இங்க அம்மா வராதா?" என்று கேட்டாள்.

குப்புவைப் பெற்றவள் இசைவாணிதான். ஆனால் குப்பு அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். அம்மா என்பது வளவனூரில் அடுத்த வீட்டு அம்சவள்ளி.

பிள்ளை தங்காத வீடுகளில் அந்தப் பக்கத்தில் செய்கிற காரியம்தான் இது. இசைவாணியின் மூத்த பிள்ளை அரிபிரசாத் நாலு வயதில் ஒரு காய்ச்சலில் போனான். அடுத்தது பெயர் வைப்பதற்குள்ளேயே போய்விட்டது. மூன்றாவதாக இவள் பிறந்ததும் குளிப்பாட்டி, எடுத்துக்கொண்டு போய்க் குப்பைமேட்டில் கிடத்தினார்கள். பெற்ற பிள்ளைகள் எல்லோரும் நன்றாக இருக்கிற அம்சவள்ளி ஒரு முறம் தவிட்டைக் கொடுத்து, "இது என் புள்ள" என்று தெருவே கேட்கும்படி சொல்லிக் குழந்தையை வாங்கிக்கொண்டாள். பிள்ளைகளைக் கொண்டு போக வருவது எதுவோ அது, இந்த வீட்டில் பிள்ளையே இல்லை என்று ஏமாந்து திரும்பிவிடும்.

பால் கொடுத்தது, வளர்த்தது எல்லாம் இசைவாணிதான். வாய்வார்த்தைக்கு மட்டும் பிள்ளை அம்சவள்ளியுடையது. பிறப்புச் சான்றிதழில் சங்கவி என்று அழகாக ஒரு பெயர் இருந்தது, அதை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. வரும் பங்குனி உத்திரத்துக்கு மயிலம் கோயிலுக்குப் போய், மொட்டை போட்டு, தவிட்டைத் திருப்பிக் கொடுத்துப் பிள்ளையை மீட்டுக்கொள்ளலாம். அதுவரை 'என் பொண்ணு' என்ற சொல் அவள் வாயிலிருந்து வரக்கூடாது.

"அம்சாக்கா பொண்ணுங்க. நான் பாத்துக்கினு இருக்கேன்." யார் கேட்டாலும் இதுதான் பதில். சொல்லிச் சொல்லி நாக்குக்குப் பழகிவிட்டது. மனசுக்குப் பழகவில்லை. குழந்தை ஓடிப் போய் அம்சவள்ளியை அம்மா என்று கட்டிக்கொள்ளும்போதெல்லாம் இசைவாணிக்கு வயிறு எரியும். நல்லது செய்தவள்மேல் பொறாமைப்படுகிறோமே என்று அப்புறம் வெட்கமாகவும் இருக்கும். அம்மா என்று ஒரு தடவை கூப்பிட்டுவிட்டால் போதும், செத்தால்கூடப் பரவாயில்லை என்று நினைப்பாள்.

கார்த்திகை மழை நின்றபாடில்லை. வாசலில் விளையாடவும் வழியில்லாமல் குழந்தை சிணுங்கிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், இசைவாணி துணிமூட்டையின் அடியில் கைவிட்டு அந்தப் புத்தகங்களை எடுத்தாள்.

அரியின் படப் புத்தகங்கள். அவனைப் புதைத்தபோது அவன் சட்டை, செருப்பு, பொம்மை எல்லாவற்றையும் குழியிலேயே போட்டார்கள். போட்டுவிட வேண்டும், வீட்டில் ஒன்றுகூட இருக்கக்கூடாது என்பது முறை. இவற்றை மட்டும் அவள் அரிசி டிரம்முக்குள் ஒளித்துவிட்டாள். அது சேரனுக்கே தெரியாது. எல்லாம் பொம்மைக் கதைகள். சக்கரம் கழன்ற மர யானை ஒன்றில், கட்டிலுக்கடியில் மாட்டிக்கொண்ட ரயில் ஒன்றில். இருப்பதிலேயே பெரியது ஒரு பொம்மைக் கடையைப் பற்றியது. பக்கத்துக்கு ஒரு பொம்மை, தன்னை யார் கூட்டிப்போவார்கள் என்று அலமாரியில் காத்துக்கொண்டிருக்கும். அவள் "யானை யாருக்கு?" என்பாள். அரி "எனக்கு!" என்பான். "ரயிலு யாருக்கு?" "எனக்கு!" கடை மொத்தமும் அவனுக்குத்தான்.

கரண்ட்டு போயிருந்தது. வாசல் வெளிச்சத்தில் குப்புவை மடியில் வைத்துக்கொண்டு அவள் பொம்மைக் கடையைத் திறந்தாள். குழந்தை கட்டைவிரலைச் சூப்பிக்கொண்டு பார்த்தது.

"டிரம்மு யாருக்கு?"

"எனக்கு."

இசைவாணி சிரித்துக்கொண்டே அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். சாவி கொடுத்தால் குட்டிக்கரணம் போடுகிற குரங்கு. குனிந்து குழந்தையின் முகத்தைப் பார்த்தாள். விரல் இன்னும் வாய்க்குள்தான் இருந்தது.

"குரங்கு யாருக்கு?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"எனக்கு."

குப்புவின் வாய் அசையவில்லை.

சத்தம் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. உள்ளறை வாசலிலிருந்து. கொஞ்சம் மூக்கடைத்த குரல், சளி பிடித்தால் அரிக்கு அப்படித்தான் வரும். கூடவே ஆரஞ்சு வாடை. கடைசி வாரம் முழுக்க அவன் வாயில் ஊற்ற ஊற்றத் துப்பிய காய்ச்சல் மருந்தின் வாடை.

வேறு யாராக இருந்தாலும் குழந்தையை வாரிக்கொண்டு தெருவுக்கு ஓடியிருப்பார்கள். இசைவாணிக்கும் ஓட வேண்டும் என்றுதான் தோன்றியது. ஆனால் அந்தக் குரலைக் கேட்டு எத்தனை காலமாயிற்று! மாருக்குள் ஏதோ இளகிக் கண் நிறைந்துவிட்டது. அவள் திரும்பிப் பார்க்காமல் அடுத்த பக்கத்தைப் புரட்டினாள்.

அதன்பிறகு ஒவ்வொரு மத்தியானமும் சாப்பாடு முடிந்ததும் புத்தகம் வந்துவிடும். குப்புவுக்காக என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். குப்பு அலுத்துப்போய் நெளிந்தாலும் விடுவதில்லை. குரல் உள்ளறை வாசலைத் தாண்டி வந்தது. சுவரோரம் வந்தது. பிறகு முதுகை ஒட்டி வந்தது.

ஒருநாள் குப்பு தானாகவே மடியிலிருந்து நகர்ந்து, ஒரு தொடையில் மட்டும் ஒண்டி உட்கார்ந்தாள்.

"ஏன்டி, நல்லா உக்காரேன்."

"அண்ணன் உக்காரணுமாம், அக்கா. தள்ளிக்கச் சொல்லுது."

காலியான தொடையில் மெல்ல ஒரு கனம் ஏறியது.

சில்லென்று இருந்தது, ஈர மண்ணை மூட்டை கட்டி வைத்தாற்போல. ஆனாலும் அந்தக் கனம் அவளுக்குத் தெரிந்த கனம். அவள் எழுந்திருக்கவில்லை.

குப்பு நாளுக்கு நாள் வாடினாள். சோறு இறங்கவில்லை. கை கால் எப்போதும் குளிர்ந்து கிடந்தது. மழைக்கு அப்படித்தான் இருக்கும் என்றான் சேரன். அவனுக்கு இருட்டில் போய் இருட்டில் வருகிற பிழைப்பு, பிள்ளையின் முகத்தை வெளிச்சத்தில் பார்த்தே நாளாகிவிட்டது.

அம்சவள்ளி போன் செய்தபோது குப்புதான் பேசினாள். "அம்மா, இங்க ஒரு அண்ணன் இருக்குது. அக்கா மடிய உட்டு எறங்கவே மாட்டுது."

 அம்சவள்ளி உடனே, "போன வாணிகிட்ட குடு," என்றாள். இசைவாணி வாங்கிக் காதில் வைத்ததும் அம்சவள்ளியின் குரல் தணிந்துவிட்டது. "அரி சாமான் எதுனா வெச்சிக்கினு இருக்கியா?"

இசைவாணியின் கண் துணிமூட்டைக்குப் போயிற்று.

"அடிப்பாவி. நாளிக்கே புள்ளைய எடுத்துக்கினு ஜல்தியா இங்க வந்துடு. அதுவரைக்கும் யாரு இன்னா கேட்டாலும் என் பொண்ணுன்னே சொல்லு. நீ வாயத் தொறந்து உன்னுதுன்னு சொன்னியோ, அவ்ளோதான், என்னால ஒண்ணும் பண்ண முடியாது. புரியுதா?"

"புரியுதுக்கா."

புரியத்தான் செய்தது. மறுநாளே வளவனூர் போய்விடுவது என்று தீர்மானித்துத் துணிகளை மடித்து வைத்தாள். சேரனுக்கும் சொல்லிவிட்டாள். ஆனால் போகும் முன் அரியிடம் சொல்லிக்கொள்ளாமல் எப்படிப் போவது? ஒரு தடவை சொல்லாமல் கொள்ளாமல் போனவன் அவன், நாமும் அப்படிப் போகக்கூடாது என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. கிளம்புகிற அன்று மத்தியானம், சேரன் வண்டி பிடித்துவரப் போயிருந்த நேரத்தில், குப்புவை ஒரு தொடையில் இருத்திக்கொண்டு பொம்மைக் கடையைத் திறந்தாள்.

வெளியே பகல் முழுவதும் கறுத்துக் கிடந்தது. ஓட்டின்மேல் மழை கொட்டியது. மறு தொடையில் கனம் ஏறியது.

யானை அவனுக்கு. ரயில் அவனுக்கு. டிரம் அவனுக்கு. கடைசிப் பக்கத்தில் துணிப்பொம்மை ஒன்று இருந்தது, அதுவும் அவனுக்கு.

"அவ்ளோதான் கண்ணு, கதை முடிஞ்சிடுச்சி," என்று கிசுகிசுத்தாள். "அம்மா போயிட்டு வரட்டா?"



பக்கத்தின்மேல் சின்னதாக ஓர் ஈர விரல் தடம் பதிந்தது. துணிப்பொம்மையின் முகத்தில். பிறகு கையில். பிறகு தடம் புத்தகத்தை விட்டு வெளியே வந்தது.

குப்புவின் முழங்கையில் ஈரம் பட்டது.

குழந்தை வெடவெடவென்று நடுங்கியது.

"இது யாரு?" என்றது குரல், காதுக்குள்.

பதில் அவள் நாக்கு நுனியில்தான் இருந்தது. ஊராரிடம், அங்கன்வாடியில், பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிப் பழகிய பதில். ஆனால் நடுங்குகிற பிள்ளையைக் கண்ணால் பார்த்தபோது அவளுக்கு எந்தப் பதிலும் நினைவில்லை. அள்ளி மாரோடு அணைத்துக்கொண்டு கத்திவிட்டாள்.

"தொடாதடா அவள! அவ என் பொண்ணு!"

மழை ஒரு கணம் நின்றாற்போல இருந்தது.

"எனக்கு."

தொடையிலிருந்த கனம் சட்டென்று இல்லாமல் போயிற்று. அணைப்பில் இருந்த குப்புவின் தலை தொய்ந்து அவள் தோளில் விழுந்தது. கழுத்தில் பட்ட நெற்றி கொதித்தது.

அதற்குப் பிறகு வண்டி வளவனூர் போகவில்லை, விழுப்புரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிற்று. ஊசி போட்டார்கள், பாட்டில் ஏற்றினார்கள், கண்ணைத் திறக்கவே மாட்டேன் என்றது குழந்தை. இசைவாணி கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே கிடந்தாள். பொழுது நன்றாக விடிந்து வார்டில் காபி விற்கிறவன் குரல் கேட்கும்போது காய்ச்சல் இறங்கிற்று. குழந்தை கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தது.

"அம்மா," என்றது.

சேரன் சிரித்துக்கொண்டே அழுதான். "பாருடி, உன்ன அம்மான்னு கூப்புடுது! காய்ச்சல்ல எல்லாம் மறந்துபோச்சி போல!"

இசைவாணி அழவில்லை. குரல் கொஞ்சம் மூக்கடைத்தாற்போல இருந்ததே!

அம்சவள்ளி ஒரு பையில் தவிட்டைக் கட்டி எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். கட்டில் பக்கத்தில் குனிந்து, "குப்பு, அம்மா வந்துட்டேன்டி," என்றாள்.

குழந்தை அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு இசைவாணியின் புடவையைப் பற்றிக்கொண்டது. "இது யாரும்மா?"

அம்சவள்ளி அப்படியே நிமிர்ந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. இசைவாணியை வராந்தாவுக்குத் தள்ளிக்கொண்டு வந்து, "வாணி, இது நான் வாங்கின புள்ள இல்ல," என்றாள். தவிட்டுப் பையை அங்கேயே போட்டுவிட்டுப் போய்விட்டாள். பிறகு போன் செய்தாலும் எடுப்பதில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து விட்டதும் சேரன் திண்டிவனம் வீட்டைக் காலி செய்ய வந்தான். வெயில் அடித்தது, ஆலையின் களத்தில் தண்ணீர் வற்றிக்கொண்டிருந்தது. சாமான் எல்லாம் வண்டியில் ஏறிவிட்டது. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, விட்டது ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க இசைவாணி உள்ளே வந்தாள்.

உள்ளறை காலியாக இருந்தது. அந்த இருட்டுக்குள்ளிருந்து, பயந்து போய், கட்டைவிரல் வாயில் இருக்கும்போது வருகிற குழறலோடு ஒரு குரல் வந்தது.

"அக்கா…"

அவள் இடுப்பில் இருந்ததை இறக்கிவிட்டு உள்ளே ஓடப் பார்த்தாள். இறக்க முடியவில்லை. கழுத்தைச் சுற்றியிருந்த கைகள் இறுகின.

"போலாம்மா," என்றது இடுப்பில் இருந்தது.

சேரன் வெளியிலிருந்து வந்து அவள் தோளைத் தொட்டான். "இன்னா அப்டியே நின்னுக்கினு இருக்க? வண்டிக்காரன் திட்டறான், வா." அவன் காதில் எதுவும் விழவில்லை. அவளை வெளியே இழுத்து, கதவைச் சாத்திப் பூட்டைப் போட்டான்.

கதவுக்கு அந்தப் பக்கம், ஒரு குழந்தையின் கை எட்டுகிற உயரத்தில், யாரோ தட்டினார்கள்.

"அக்கா… அக்கா…"