திரும்பாத தடங்கள்

காலை பத்தேகாலுக்குப் புதுத்துறை நகரில் மறுபடியும் அது நடந்தது. தாலுகா அலுவலக வரிசையில் நின்றவருக்குப் பெற்ற மகளின் பெயர் வரவில்லை. பரோட்டா மாஸ்டருக்கு மாவில் உப்புப் போட்டோமா என்றே தெரியவில்லை. இருபது விநாடியில் எல்லாம் சரியாகிவிட்டது.

நினைவுகளைத் தலையில் சுமக்கும் வழக்கம் ஒழிந்து பன்னிரண்டு வருடமாயிற்று. எல்லாம் நகரின் நினைவுக்கிடங்கில் இருந்தன. காதில் மாட்டிய செவிமணி, நினைவு வந்துசேரும் பாதையான ஒரு தடத்தைக் கிடங்கிடம் இரவல் வாங்கும். நினைவைக் கொண்டுவந்து தரும். தடத்தைத் திருப்பிக் கொடுத்துவிடும். லட்சம் பேருக்கு நானூறு தடங்களே தாராளம். ஆனால் சில தடங்கள் போனது போனதுதான், திரும்புவதில்லை. கையிருப்புத் தீர்ந்ததும் ஊரே பேந்தப் பேந்த விழித்தது.

பழி சந்தனமாரி என்ற கிடங்கின் இளம் பொறியாளர் மேல் விழுந்திருந்தது. மாலை நாலு மணிக்கு விசாரணை, வேலை போய்விடும். தடம் திருப்பும் நிரலை எழுதியவள் அவள் என்று பதிவேடு சொன்னது. அப்படிச் சொல்லவைத்தவர் தலைமைப் பொறியாளர் தணிகைவேல். போன மாதம் தன் பெயரை நீக்கிவிட்டு அவள் பெயரைப் போட்டிருந்தார். அவர் அந்த அளவுக்குக் கோழை.

அவளோ இன்னமும் பழுதைத் தேடிக்கொண்டிருந்தாள். மதியம் தணிகைவேலின் அறைக்கு ஓடிவந்தாள்.

"கண்டுபிடிச்சிட்டேன் சார். முழுசா நினைச்சு முடிச்சாத்தான் தடம் திரும்புது. பாதியில விட்டா மாட்டிக்குது."

"நினைக்கிறதைப் பாதியில யாரும்மா விடுவாங்க?"

"வெட்கப்பட்ட விஷயம்னா விடுவோமே சார். அந்த இடம் வந்ததும் தலைய உதறிடுவோம்ல? ஒரே ஆள் பேர்ல நாற்பத்தாறு தடம் நிக்குது. பேரைத் திறந்து பாக்க எனக்கு அனுமதி இல்லை."

தணிகைவேலுக்கு அனுமதி இருந்தது. அவள் போனபின் திறந்தார். அவர் பெயர்தான். நாற்பத்தாறு முறையும் அதே நினைவு: பதிவேடு திறக்கிறது, விரல் அவள் பெயரை அடிக்கப் போகிறது, அங்கே அறுந்துவிடுகிறது. அவருக்கு உடம்பெல்லாம் கூசியது. நாலு மணிக்கு எல்லார் முன்னாலும் ஒப்புக்கொள்வது என்று முடிவு செய்தார். எழுதி வைத்துக்கொள்ளத் தோன்றவில்லை. கிடங்கு வந்தபின் யார் எதை எழுதினார்கள்?

முதலில் ஊரைக் காப்பாற்ற வேண்டும். நினைவு மூன்று விநாடி தயங்கி நின்றால் தடத்தைப் பிடுங்கிக்கொள் என்று ஒரு கட்டளை சேர்த்தார். மூன்றரைக்கெல்லாம் நானூறு தடங்களும் திரும்பிவிட்டன. ஊர் நிம்மதியாக மூச்சுவிட்டது.

விசாரணையில் ஆணையர் ஹமீதா கேட்டார்: "பழுதைச் சரிபண்ணினது நீங்க. நீங்களே சொல்லுங்க, அந்த நிரலை எழுதினது யாரு?"

தணிகைவேல் எழுந்தார். நினைவை அழைத்தார். பதிவேடு திறந்தது. விரல் நீண்டது. வழக்கம்போல் மனம் அங்கேயே முரண்டு பிடித்தது. ஒன்று, இரண்டு, மூன்று. போய்விட்டது.

எதைச் சொல்ல எழுந்தோம்? மறுபடி அழைத்தார். மறுபடியும் போய்விட்டது. முகம் மட்டும் எரிந்தது. எதற்கோ வெட்கப்பட வேண்டும் என்று தெரிந்தது, எதற்கென்றுதான் தெரியவில்லை.

"சாருக்கு முடியலைபோல," என்று சந்தனமாரி ஓடிவந்து தண்ணீர் கொடுத்தாள். "உக்காருங்க சார், அவசரமில்லை."

"சிரமப்படாதீங்க," என்று ஆணையர் பதிவேட்டை அவர் பக்கம் நகர்த்தினார். "இதுல இருக்கிற பேரைப் படிச்சாப் போதும்."

தணிகைவேல் சத்தமாகப் படித்தார்.