கழுவித் தின்ற உள்ளான்

போன வருஷம் அத்தை கடற்கரைச் சேற்றில் ஓர் அபூர்வமான வெள்ளைப் பறவையைப் பார்த்துவிட்டு ஊரையே கூட்டினார். கிட்டப் போய்ப் பார்த்தால் பிளாஸ்டிக் பை! அன்றிலிருந்து அவர் 'பை அத்தை' ஆகிவிட்டார். அவர் நடத்துநராக வேலை பார்க்கும் பேருந்தில் டிக்கெட் வாங்குபவர்கள்கூடச் சிரித்தார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

இன்று அதே அத்தை, அண்ணன் மகள் வாயாடியை இழுத்துக்கொண்டு தையல் கடைக்குள் ஓடிவந்தார். அந்த வட்டாரத்தின் பறவைப் பட்டியல் தையல்காரரிடம்தான் இருந்தது. மொத்தம் இருநூற்றுப் பதினொரு பறவைகள். புதிதாக ஒன்றைச் சேர்க்க அவர் லேசில் சம்மதிக்க மாட்டார்.

"அண்ணே, இருநூத்திப் பன்னெண்டு!" என்று மூச்சு வாங்கினார் அத்தை. "நம்ம கடற்கரைச் சேத்துக்கு வழி தவறி வந்த புது வகை உள்ளான். சத்தியமா உயிரோட இருக்கு!"

"போட்டோ?"

அத்தை அவசரத்தில் எடுத்த நாற்பது போட்டோவிலும் வெறும் சேறு. ஒன்றில் மட்டும் வாயாடியின் காது.

"அப்போ விதிப்படிதான்," என்றார் தையல்காரர். "ரெண்டு பேரும் பார்த்ததைத் தனித்தனியா எழுதுங்க. பேசக் கூடாது."

"பேசவே கூடாதா?" வாயாடி பதறினாள். "தும்மலாமா?"

அத்தை இஸ்திரி மேசையில் உட்கார்ந்தார். வாயாடி துணி மாற்றும் அறைக்குள் போனாள். கொஞ்ச நேரத்தில் அத்தை தன் பறவைப் புத்தகத்தை மெல்லத் திரைக்கு அடியில் தள்ளினார். உள்ளேயிருந்து ஒரு கால் வந்து, அதை வெளியே தள்ளிவிட்டது. தையல்காரர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

அத்தை எழுதியதைப் படித்ததும் அவர் உதட்டைப் பிதுக்கினார். "மேல வளைஞ்ச அலகு, ஆரஞ்சு கால்... புத்தகத்துல இருக்குற மாதிரியே இருக்கே?"

"தப்பாயிடுமோன்னு பயந்து புத்தகத்தைத் திறந்துட்டேண்ணே." அத்தையின் கண் கலங்கியது. வாயாடிக்குப் பாவமாக இருந்தது.

தையல்காரர் அடுத்த தாளை எடுத்து மனதுக்குள் படித்தார். 'மூக்கு மேல் பக்கமாக வளைந்திருந்தது. கால் ஒன்றுதான் தெரிந்தது. நண்டைப் பிடித்ததும், தண்ணீருக்கு ஓடிப் போய்க் கழுவிவிட்டுத்தான் தின்றது. எங்கம்மா பார்த்தால் எனக்குப் பதில் அதையே வளர்க்கலாம் என்பார்.'

அவர் தாளை மடித்துக்கொண்டார். "அந்தப் பறவை நண்டை எப்படித் தின்னுச்சு?" என்று அத்தையிடம் கேட்டார்.

அத்தை தயங்கினார். "தண்ணியில அலசித் தின்னுச்சுண்ணே. எழுதினா சிரிப்பீங்கன்னு விட்டுட்டேன்."

தையல்காரர் அலமாரியிலிருந்து தன் தடிப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். ஒரு பக்கத்தில் விரல் நின்றது. அத்தையின் புத்தகத்தையும் வாங்கி அதே பறவையைத் தேடிப் பார்த்தார். "கழுவித்தான் தின்னுமாம்! உன் புத்தகத்துல இது இல்லவே இல்லையே."

துணியில் கோடு போடும் சுண்ணாம்புக் கட்டியைக் கீழே வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தார். இருநூற்றுப் பன்னிரண்டு. பார்த்தவர்கள்: இரண்டு பேர்.

"இப்போ பேசலாமா?" என்றாள் வாயாடி. வீடு போய்ச் சேரும்வரை நிறுத்தவில்லை.

மறுநாள் காலை பேருந்தில் பின் சீட்டிலிருந்து ஒரு குரல் வந்தது. "உள்ளான் அத்தை, ஒரு டிக்கெட்!"

அத்தை பேருந்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நிமிர்ந்து நடந்து போய், டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார்.