படையல் இலையில் ஒரு கோப்பை மைலோ

போன் போடாமல்தான் போவது என்று கனகேஸ்வரி காலையிலேயே முடிவு செய்துவிட்டாள்.

சமூகநல அலுவலகத்தில் அது எழுதாத சட்டம். எந்தப் பிள்ளைகள் இல்லத்தைப் பார்க்கப் போனாலும் முந்தின நாளே போன் போட்டு, வரலாமா என்று மரியாதையாகக் கேட்க வேண்டும். அவர்களும் மரியாதையாகத் தரையைக் கழுவி, பிள்ளைகளுக்கு எண்ணெய் வைத்துத் தலைவாரி, கைகளை மூடுகிற நீளச் சட்டை போட்டுவிட்டு, கேக்கும் தேநீருமாகக் காத்திருப்பார்கள். போனவர் தின்றுவிட்டு, எல்லாம் திருப்தி என்று எழுதிவிட்டு வருவார். அவளுடைய மேலதிகாரி ராமதாஸ் பல வருஷமாக அப்படியே வயிறு வளர்த்திருந்தார்.

ஆனால் பள்ளிக்கூடத்து ஆசிரியை ஆயிஷா சொன்னதைக் கேட்ட பிறகு கனகேஸ்வரிக்குக் கேக் இறங்காது. "அருள் இல்லத்துப் புள்ள, தேவகின்னு பேரு. ஸ்கூல் விட்டா மத்த புள்ளைங்க எல்லாம் ஓடுது. இது மேசைக் காலைக் கட்டிப் பிடிச்சிக்குதுக்கா. முதுகைத் தொட்டா துடிக்குது. அதோட அண்ணன் மணிமாறனும் எங்க ஸ்கூல்தான். தைப்பூசத்துக்குப் பிறகு ஓடிப் போயிட்டான்னு சொல்றாங்க. தங்கச்சிய விட்டுட்டு ஓடுற பையன் இல்லக்கா அவன்."

அந்தப் பெண்ணை இன்று கையோடு கூட்டி வந்துவிட வேண்டும். கனகேஸ்வரிக்கு வேறு நினைப்பு இல்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து நாலு, ஆடி அமாவாசை. நண்பகல்தான், ஆனால் மழை இருட்டிக்கொண்டு வந்ததில் டத்தோ கிராமாட் சாலையில் கார்கள் விளக்குப் போட்டுக்கொண்டு போயின. அருள் இல்லம் உள்சந்தில் இருந்த பழைய பங்களா. எந்தக் காலத்திலோ ஒரு வியாபாரி தானமாகக் கொடுத்தது. வாசலில் குடையை மடக்கும்போதே வாடை வந்தது. மேலே டெட்டால், அதற்குள் சாம்பிராணி. இரண்டுக்கும் அடியில் ஈர மெத்தையும் புளித்த சோறும் கலந்த ஒரு நாற்றம் தொண்டையில் போய் ஒட்டிக்கொண்டது.

அவளைப் பார்த்ததும் பொறுப்பாளர் சுப்பையாவின் முகம் ஒரு கணம் செத்துப் பிழைத்தது. வெள்ளைச் சட்டை, நெற்றி நிறைய திருநீறு, எப்போதும் ஈரமாக இருக்கிற உதடு. அவருடைய ஒரு கை பக்கத்தில் நின்ற பையனின் பிடரியில் இருந்தது. அந்தப் பையன் மூச்சுக்கூட விடவில்லை.

"ஒரு போன் அடிச்சிருக்கலாமே மேடம். இன்னிக்கு அமாவாசை சாப்பாடு லா, எல்லாம் கலைஞ்சு கிடக்கு."

"கலைஞ்சு கிடக்கிறதைப் பார்க்கத்தான் வந்தேன்."

அவருக்குப் பின்னாலிருந்து இல்லத்தின் தலைவர் பரமநாதன் சிரித்துக்கொண்டே வந்தார். ஓய்வு பெற்ற தலைமைக் கிளார்க். யாழ்ப்பாணத்துக் குடும்பம், கோயில் கமிட்டி, சங்கம் என்று ஊரில் அவர் உட்காராத நாற்காலி இல்லை. கனகேஸ்வரியின் அப்பாவோடு ஒரே ஆபீஸில் வேலை பார்த்தவர்.

"எங்கட பிள்ளைதானே! வாரும், இரும். நல்ல நாளிலதான் வந்திருக்கிறீர். சாப்பிட்டுத்தான் போக வேணும்."

சாப்பாட்டு மண்டபத்தில் பிள்ளைகள் இரண்டு வரிசையாக உட்கார்ந்து தேவாரம் பாடினார்கள். இத்தனை பிள்ளைகள் இருக்கிற வீட்டில் ஒரு சண்டை இல்லை, ஒரு சிரிப்பு இல்லை. இலைகள் விரித்திருந்தன. வரிசையின் கோடியில், பின்கட்டுக் குளியலறைக்குப் போகிற நடை ஆரம்பிக்கிற இடத்தில், இன்னொரு இலை. அதற்கு முன்னால் யாரும் இல்லை. ஒரு குத்துவிளக்கு மட்டும் எரிந்தது.

"முன்னோருக்குப் படைச்சது மேடம்" என்றார் சுப்பையா, கேட்காமலே.

கனகேஸ்வரி கிட்டே போய்ப் பார்த்தாள். சோறு, வடை, பாயசம், வாழைக்காய்க் கறி. இலை ஓரத்தில் காது உடைந்த ஒரு பிளாஸ்டிக் கோப்பை. அதில் ஆவி பறக்க, பிள்ளைகள் பாலில் கலக்கிக் குடிக்கிற மைலோ. பக்கத்தில் கிரீம் பிஸ்கட் இரண்டு, ஒரு பம்பரம்.

படையல் என்றால் செத்தவருக்குப் பிடித்ததை வைப்பது. அவள் வீட்டில் அப்பாவைப் பெற்ற அப்பப்பாவுக்குச் சுருட்டு வைப்பார்கள். எந்த முன்னோருக்கு மைலோ பிடிக்கும்?

"இரும் பிள்ளை, சோறு ஆறுது" என்றார் பரமநாதன்.

அவள் பிள்ளைகளின் வரிசையிலேயே உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்த சிறுமி ரெட்டைச் சடை போட்டிருந்தாள், ஆடி மாதப் புழுக்கத்திலும் மணிக்கட்டுவரை மூடிய சட்டை. பள்ளிக்கூடத்தில் ஆயிஷா காட்டிய படத்தில் இருந்த முகம். தேவகி.

ஒரு பிள்ளையும் சோற்றில் கை வைக்கவில்லை. எல்லாரும் கோடியில் இருந்த இலையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பயந்து பார்ப்பதுபோல இல்லை. பெரியவர் ஒருவர் சாப்பிட ஆரம்பிக்கட்டும் என்று காத்திருப்பதுபோல இருந்தது.

மழை ஓட்டில் கொட்டியது.

அப்போது அந்தச் சத்தம் கேட்டது. சூடான எதையோ உறிஞ்சிக் குடிக்கிற சத்தம்.

கனகேஸ்வரி மெல்லத் திரும்பினாள். கோப்பையில் மைலோ பாதிதான் இருந்தது.

அவள் பார்க்கப் பார்க்க அது இன்னும் ஒரு விரற்கடை இறங்கியது.

இலையில் இருந்த சோறு நிறம் மாறியது. சற்றுமுன் மல்லிகைப் பூவாக இருந்தது மஞ்சளித்து, நூல் விட்டு, கொழகொழவென்று இலைச் சாற்றோடு வழிந்தது. புளித்த வாடை மண்டபம் முழுக்க ஏறியது. வெற்று இலைக்கு முன்னாலிருந்து யாரோ இருமினார்கள். நெஞ்சு நிறையச் சளி கட்டிய, சின்னப் பிள்ளையின் இருமல்.

இருமல் நின்றதும் பிள்ளைகள் எல்லாரும் ஒரே நேரத்தில் சோற்றில் கை வைத்தார்கள்.

சுப்பையாவின் திருநீறு வேர்வையில் கரைந்து மூக்கில் இறங்கியது. பரமநாதன் எதுவும் கேட்காதவர்போல அப்பளத்தை நொறுக்கினார். அந்த நொறுக்குகிற சத்தத்தைக் கேட்டதும் கனகேஸ்வரிக்குப் பேயைவிட அந்த மனிதர் மேல்தான் அருவருப்பு வந்தது.

அவள் தேவகியின் காதோடு கேட்டாள். "யாருக்கும்மா அந்த இலை?"

"அண்ணனுக்கு."

"அண்ணன் ஓடிப் போயிட்டான்னு சொன்னாங்களே."

தேவகி சுப்பையா பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குனிந்து சோற்றைப் பிசைந்தாள். "ஐயா போலீஸ்கிட்ட அப்படிச் சொன்னாரு. கோயில் குருக்கள்கிட்ட வேற சொன்னாரு."

"குருக்கள்கிட்ட என்ன சொன்னாரு?"

"பின்னாடி குளிக்கிற ரூம்ல அண்ணனைப் போட்டு வெளியில தாப்பாள் போட்டாங்க. அண்ணன் தொறந்து விடுங்கன்னு கத்திக்கிட்டே இருந்தான். காய்ச்சல் வந்துச்சு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனா முதுகைப் பார்த்துடுவாங்கன்னு கொண்டு போகல. அப்புறம் கத்தல." அவள் குரல் எந்த ஏற்ற இறக்கமும் இல்லாமல் வந்தது. "அப்புறம் ராவெல்லாம் ஐயா தூங்கல. எல்லாரையும் கட்டையால அடிச்சு யாரு இருமுறதுன்னு கேட்டாரு. குருக்கள் வந்து, ரத்த சொந்தம் எள்ளுத்தண்ணி விட்டாத்தான் அடங்கும்னாரு. என்னைக் கடலுக்குக் கூட்டிக்கிட்டுப் போனாங்க. என் கையிலதான் ஊத்தச் சொன்னாங்க. வெளிய சொன்னா என்னையும் அந்த ரூம்ல போட்டுடுவேன்னு ஐயா சொன்னாரு."

கனகேஸ்வரி தன் இலையைத் தள்ளி வைத்தாள். செத்த பிள்ளையைப் போலீஸுக்கு மறைத்தவர்கள், அவன் ஆவிக்குப் பயந்து திதி கொடுத்திருக்கிறார்கள். அதையும் அவன் தங்கை கையாலேயே கொடுக்க வைத்திருக்கிறார்கள்.

"எதுக்கும்மா அண்ணனை ரூம்ல போட்டாங்க?"

"தைப்பூசத்துல, தண்ணீர்மலைக் கோயில்ல, தண்ணிப் பந்தல்ல நாங்க தண்ணி குடுத்தோம். அங்க அண்ணன் பெரிய ஐயாகிட்ட சொன்னான். ஐயா அடிக்கிறாரு, ராத்திரியில வந்து தங்கச்சிங்களத் தொல்லை பண்றாருன்னு சொன்னான்." தேவகி முதல்முறையாகத் தலையைத் தூக்கிப் பரமநாதனைப் பார்த்தாள். "பெரிய ஐயா அவனுக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் குடுத்தாரு. அப்புறம் ஐயாகிட்டயே சொல்லிட்டாரு."

அப்பளம் நொறுங்குவது நின்றது.

கனகேஸ்வரி எழுந்தாள். "அங்கிள், இது உண்மையா?"

பரமநாதன் அவளைத் தூண் ஓரமாக அழைத்துப் போய்க் குரலைத் தணித்தார். "நடந்தது நடந்துபோச்சு பிள்ளை. சாந்தியும் செய்தாச்சு. இனி அதைக் கிளறி ஆருக்கு என்ன லாபம்? கமிட்டியில இருக்கிறதெல்லாம் நல்ல குடும்பத்து ஆக்கள். இல்லத்தை மூடினா இந்த அநாதைகள் எங்க போகும்? யோசியும்."

பாயசம் ஒட்டிய விரலை அவர் பேசிக்கொண்டே நக்கிக்கொண்டார். இப்படிப்பட்டவரை அங்கிள் என்று கூப்பிட்ட வாயைக் கழுவ வேண்டும்போல இருந்தது அவளுக்கு. நேரே போய்த் தேவகியின் கையைப் பிடித்தாள்.

வாசலை மறித்துக்கொண்டு சுப்பையா நின்றார். "ஆர்டர் இல்லாம புள்ளையக் கொண்டுபோக முடியாது மேடம். ராமதாஸ் சாருக்கு இப்பவே போன் போடுறேன்." அவர் தேவகியின் பிடரியைப் பிடிக்கக் கையை நீட்டினார்.

கை பாதியில் நின்றது.

அவர் இருமினார். ஒருமுறை, இன்னொருமுறை. அது வயதான ஆளின் இருமல் இல்லை. நெஞ்சு நிறையச் சளி கட்டிய, சின்னப் பிள்ளையின் இருமல்.

கண்கள் பிதுங்கின. ஈர உதடு திறந்தது. உள்ளேயிருந்து நூல் நூலாகப் புளித்த சோறு வழிந்து வெள்ளைச் சட்டையில் இறங்கியது. அதோடு குரலும் வந்தது.

"ஐயா. தொறந்து விடுங்க ஐயா."

பிள்ளைகள் யாரும் கத்தவில்லை.

"குளுருது ஐயா. தொறந்து விடுங்க."

தேவகி அந்த வாயை அண்ணாந்து பார்த்தாள். "அண்ணே, நான் போயிட்டு வரேன்" என்றாள். சுப்பையா இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே சரிந்து உட்கார்ந்தார். கனகேஸ்வரி அவரைத் தாண்டிப் பிள்ளையோடு மழையில் இறங்கினாள். நேரே போலீஸ் நிலையத்துக்குப் போனாள்.

அன்று மாலையே குளியலறைத் தரையில் புதிதாகப் போட்டிருந்த சிமெண்டை உடைத்தார்கள். மணிமாறன் அங்கே கிடந்தான்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் கனகேஸ்வரியால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. சுப்பையா மனநோய் ஆஸ்பத்திரிக்குப் போனார், திரும்பவில்லை. விசாரணையில் கமிட்டிக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து, பையன் செத்தது தங்களுக்குத் தெரியவே தெரியாது என்றார்கள். குருக்கள் இந்தியாவுக்குப் போய்விட்டார். தேவகி சொன்னது சின்னப் பிள்ளைப் பேச்சாம். ராமதாஸ், இல்லத்தை முறைப்படி அடிக்கடி பார்வையிட்டதாகச் சாட்சி சொல்லிவிட்டு அடுத்த மாதமே பதவி உயர்வு வாங்கினார். பரமநாதனுக்குத் தீபாவளி விருந்தில் பொன்னாடை போர்த்தினார்கள்.

தேவகி ஆயிஷா வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு நல்ல குடும்பத்தில் வளர்ந்தாள். இருட்டியதும் கதவுகளை எல்லாம் திறந்து வைப்பாள். அந்த வீட்டில் யாரும் அதைத் தடுக்கவில்லை.

மறுவருஷம் ஆடி பிறந்தது. ஒரு முற்பகலில் ராமதாஸ் தன் அறைக்குள் கனகேஸ்வரியைக் கூப்பிட்டார். உள்ளே பரமநாதன் உட்கார்ந்திருந்தார். பாதி ஆளாகியிருந்தார். சட்டைக் காலருக்குள் கழுத்து ஆடியது.

"பிள்ளை, நான் குளிக்கப் போனா வெளியில தாழ்ப்பாள் விழுகுது. சாமி அறைக்குள்ள போனா விழுகுது. கார்க் கதவைச் சாத்தினாலும் அந்தச் சத்தம் கேக்குது. வீட்டில ஒருத்தரும் இல்லாத நேரமாப் பார்த்து அடைக்கிறான். போன கிழமை ராவு முழுக்கக் கக்கூசிலதான் கிடந்தன்." அவர் கைகளைக் கூப்பினார். "தங்கச்சிக்காரி இன்னொருக்கா எள்ளும் தண்ணியும் விட வேணும். நீர் சொன்னாத்தான் கேப்பாள்."

"கொஞ்ச நேர வேலைதானேம்மா" என்றார் ராமதாஸ். "கூட்டிக்கிட்டு வந்துடு லா. பெரிய மனுஷன் கேக்குறாரு."

கனகேஸ்வரி இரண்டு பேரையும் பார்த்தாள். "பையன் செத்தது தெரியாதுன்னு சத்தியம் பண்ணினீங்க. தெரியும்னு போலீஸ்ல போய்ச் சொல்லுங்க. அவன் உங்ககிட்ட வந்து அழுததையும் சொல்லுங்க. சார், நீங்களும் கேக் சாப்பிட்டுட்டு எழுதினதைச் சொல்லுங்க. அப்புறம் தேவகிகிட்ட நான் கேக்குறேன்."

பரமநாதன் நிஜமாகவே யோசித்தார். அவர் யோசிப்பதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

"அது எப்பிடிப் பிள்ளை?" என்றார் கடைசியில். "பேர் கெட்டுப் போயிடுமே."

அவள் வெளியே வந்து கதவைச் சாத்தினாள்.

டக்.

உள்ளேயிருந்து கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு இடிக்கும் சத்தம். "கனகேஸ்வரி, யாரு பூட்டினது?" என்று ராமதாஸ் கத்தினார். "திறந்து விடும் பிள்ளை, திறந்து விடும்" என்று பரமநாதன் அழுதார். டைப்பிஸ்ட் தனலெட்சுமி ஓடி வந்து கைப்பிடியைத் திருகினாள். அது சுலபமாகத் திரும்பியது. கதவு மட்டும் அசையவில்லை.

"என்னக்கா இது, வெளியில தாப்பாள் போட்ட மாதிரி இருக்கு?"

அது சாதாரண அரசாங்கக் கதவு. வெளியே தாழ்ப்பாளே கிடையாது.

கனகேஸ்வரி கதவில் கை வைக்கவில்லை. அவளுக்குப் பக்கத்தில், கதவின் இந்தப் பக்கத்தில், அவள் இடுப்பு உயரத்தில், யாரோ மெல்ல இருமினார்கள்.