பட்டியலில் இல்லாத கதவு

பஞ்சாலை என்ற அந்தப் பெண் நாற்காலியை இழுத்துச் சுவரோரம் போட்ட பிறகே உட்கார்ந்தாள். வாசல் தன் முதுகுக்குப் பின்னால் இருப்பதை அவளால் தாங்க முடியவில்லை. அது ரஹாங் ஊரில் சௌந்தரவல்லியின் சாதாரண வீடு. நேரமும் காலை பத்து மணிதான். ஆனாலும் தெருவில் மோட்டார் சைக்கிள் போகும்போதெல்லாம் அவள் பேச்சு நின்றது.

சௌந்தரவல்லி அதைக் கவனித்தார். முப்பத்தோரு வருடம் நீதிமன்றத்தில் மலாய் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவர் அவர். தங்கள் கதையைச் சரியாகச் சொல்லத் தெரியாதவர்கள் இன்னும் அவரைத் தேடி வந்துகொண்டிருந்தார்கள். அதே நீதிமன்றத்தில் பியூனாக இருந்த முகுந்தன் இப்போது செனாவாங் தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றும் வேன் ஓட்டுகிறார். காலை ஷிப்ட் ஆட்களை இறக்கிவிட்டதும் நேரே இங்கே வந்துவிடுவார்; இன்றும் வந்திருந்தார்.

"பயப்படாம சொல்லும்மா" என்றார் சௌந்தரவல்லி.

பஞ்சாலை கெமாஸ் பக்கம் பதினோராம் மைல் கட்டையிலுள்ள செம்பனை எண்ணெய்த் தோட்டத்திலிருந்து வந்திருந்தாள். அங்கே மிஞ்சியிருப்பது ஒரே ஒரு லயம், வரிசையாகப் பன்னிரண்டு தொழிலாளர் வீடுகள். அவளைக் காரில் அழைத்து வந்தவர் மகேந்திரன். ஒரு காலத்தில் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கிய மண்டோர். இப்போது கோயில் கமிட்டித் தலைவர்.

"போன மாசம் சசிதரன் மோட்டார எரிச்சாங்க. அப்புறம் மாரியம்மா கடை ஜன்னல ஒடச்சாங்க. முந்தாநாள் காலைல நான் கதவத் தொறந்தா, மண்ணெண்ணெய்ல நனைச்ச துணி கெடக்குது. கூடவே இந்தத் தாள். உள்ள என் ரெண்டு பிள்ளைங்க தூங்கிக்கிட்டு இருந்துச்சுங்க அக்கா."

மகேந்திரன் குறுக்கிட்டார். "நாலு தடவ நடந்துருச்சும்மா. நம்ம தமிழாளுங்கள வெரட்டணும்னே செய்யுறானுங்க. எல்லாம் அந்தப் பக்கத்து மலாய்க் கம்பத்துப் பசங்க வேலைதான் லா."

"மூணுதாண்ணே" என்றாள் பஞ்சாலை மெதுவாக.

"ஆங், மூணு. மூணு பத்தாதா? ஞாயித்துக்கிழம எங்க பையனுங்க கம்பத்துக்குப் போயி நேர்ல கேக்கப் போறானுங்க. நான் எவ்வளவோ சொல்லிப் பாத்துட்டேன்."

சௌந்தரவல்லி தாளை விரித்தார். மலாயில் பெரிய எழுத்துகளில் எழுதியிருந்தது. வாய்விட்டுத் தமிழில் சொன்னார்: "எங்கள் இடத்தைக் கெடுக்காதே. வெளியே போ. இல்லையென்றால் காலை உடைத்துக் கையில் கொடுப்போம்."

அந்தக் கடைசி வரியை அவர் மனசுக்குள் இன்னொரு தடவை படித்ததுபோல் இருந்தது.

அவர்கள் போன பின் முகுந்தன் பொறுக்க முடியாமல் கேட்டார். "மலாய்ல எழுதியிருக்கு. அப்புறம் என்னக்கா யோசனை? கம்பத்துலதான் ஆளத் தேடணும்."

"இன்னிக்கு வெள்ளிக்கிழம. ஞாயித்துக்கு ரெண்டே நாள்தான். வேன்ல எண்ணெய் இருக்கா?"

தோட்டத்துக்குள் நுழையும்போது மணி இரண்டு. அந்தப் பட்டப்பகலிலும் பன்னிரண்டு கதவுகளும் சாத்தியிருந்தன. ஒவ்வொரு வாசலிலும் ஒரு வாளித் தண்ணீர் இருந்தது. பாலர் பள்ளி மண்டபத்துக்குப் பின்னால் இளைஞர்கள் சிலர் பாராங்கத்திகளைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் கேட்டதும் முகுந்தன் வேன் சாவியைச் சட்டைப்பைக்குள் போடாமல் கையிலேயே பிடித்துக்கொண்டார்.

மூன்று வீட்டாரிடமும் சௌந்தரவல்லி ஒரே கேள்வியைத்தான் கேட்டார். "இது நடக்கிறதுக்கு முன்னாடி, யாருக்காவது ஏதாவது உதவி செஞ்சீங்களா?"

சசிதரன் தலையைச் சொறிந்தான். "உதவின்னு இல்ல. கடைசி வீட்டு அமீனுக்கும் எனக்கும் ஒரே எடத்துல வேல. மோட்டார்ல பின்னாடி ஏத்திக்கிட்டுப் போவேன்."

மாரியம்மா, அமீனின் மனைவி ஹலீமாவைத் தன் கடையில் உட்காரவைத்துச் சாமான்களின் பெயர்களைச் சொல்லிக்கொடுத்திருந்தாள். பஞ்சாலை, ஹலீமாவின் கைக்குழந்தைக்குக் காய்ச்சல் கண்டபோது கிளினிக்குக்குக் கூட்டிப்போயிருந்தாள்.

கடைசி வீட்டில் அமீனின் ரோஹிங்யா அகதிக் குடும்பம் குடிவந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. முகுந்தன் தட்டியதும் உள்ளே குழந்தையின் அழுகை சட்டென்று நின்றது. யாரோ அதன் வாயைப் பொத்தியிருக்க வேண்டும். சௌந்தரவல்லி வெளியே நின்றபடியே மலாயில் தன் பெயரைச் சொன்னார், வந்த காரணத்தைச் சொன்னார், தான் போலீஸ் இல்லை என்றும் சொன்னார். வெகுநேரம் கழித்துத்தான் கதவு திறந்தது.

அவர் கதவின் அடிப்பக்கம் குனிந்து பார்த்தார். மேலே பழைய பலகைகள், அடியில் ஒன்று மட்டும் புதியது. எல்லாவற்றுக்கும் ஒரே நீலச் சாயம் பூசியிருந்ததால் நின்று பார்த்தால் தெரியாது. நிலையின் உட்புறத்தில் விரலை வைத்துத் தேய்த்தார். கரி ஒட்டியது.

"எப்ப நடந்தது?"

அமீன் மனைவியைப் பார்த்தான். பிறகு தணிந்த குரலில் சொன்னான். இரண்டு மாதத்துக்கு முன்பு. புகை நாறி எழுந்து அவனே அணைத்தான். விடிவதற்குள் எரிந்த பலகையைக் கழற்றி வேறு அடித்துச் சாயமும் பூசிவிட்டான். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் போலீஸ் வரும், வந்தால் முதலில் அவனுடைய அட்டையைத்தான் கேட்பார்கள். அகதி என்று எழுதிய அந்த அட்டையைத் தவிர அவனிடம் வேறு தாள் கிடையாது.

"சசிதரன்கிட்டகூடச் சொல்லலையா?"

"யார்கிட்டயும் சொல்லல" என்றான் அமீன்.

ஐந்து மணிக்குச் சௌந்தரவல்லி எல்லாரையும் மண்டபத்துக்கு வரச் சொன்னார். மகேந்திரன் முன்வரிசையில் அமர்ந்தார். அமீனும் ஹலீமாவும் கதவோரம் நின்றார்கள்; அவர்கள் பக்கத்து நாற்காலிகள் காலியாகவே இருந்தன.

"இந்தக் கடிதத்தைக் கம்பத்து ஆள் எழுதல" என்று சௌந்தரவல்லி தொடங்கினார். "ஒரு வழக்குல இதே மிரட்டல நான் வார்த்தைக்கு வார்த்தை மலாய்ல சொன்னேன். மாஜிஸ்திரேட் பேனாவ வச்சுட்டு, ஒடச்ச கால எதுக்குக் கைல கொடுக்கணும்னு கேட்டாரு. மலாய்க்காரங்க அப்படி மிரட்டமாட்டாங்க. இது தமிழ்ல கோவப்பட்டு மலாய்ல எழுதுனது."

இளைஞர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அடி வாங்குன மூணு பேரும் தமிழாளுங்க. அதனால தமிழங்கள அடிக்கிறாங்கன்னு நெனச்சுட்டீங்க. மூணு பேருக்கும் இன்னொரு பொருத்தம் இருக்கு. மூணு பேருமே அமீன் குடும்பத்துக்குக் கை கொடுத்தவங்க. நான் பாத்த வழக்குகள்ல பாதி இப்படித்தான். யாரும் ஏன்னு கேக்கமாட்டாங்கன்னு தெரிஞ்ச ஆள்மேலதான் மொதல்ல கை வைப்பாங்க. சத்தம் வரலன்னா தைரியம் வந்துரும். அடுத்தது, அவனுக்குச் சோறு போடுறவங்க. அதனாலதான் அமீன் வீட்ட விசாரிச்சேன். அங்கயும் தீ வச்சிருக்காங்க. அதுதான் மொதச் சம்பவம். அவங்க யார்கிட்டயும் சொல்லல. வச்சவனுக்கும் அவங்களுக்கும் மட்டுந்தான் தெரியும்." அவர் நிறுத்தினார். "ஆனா இன்னிக்குக் காலைல மகேந்திரன் என் வீட்டுல 'நாலு தடவ'ன்னு சொன்னாரு."

மகேந்திரன் சிரிக்கப் பார்த்தார். "வாய் தவறி வந்துச்சும்மா. அதுக்காகவா இத்தன பேரக் கூட்டி வச்சிருக்கீங்க? ஒரு பலகைதான எரிஞ்சுது? யாராச்சும் செத்தாங்களா?"

சசிதரன் எழுந்து நின்றான்.

"பலகைன்னு யாருண்ணே சொன்னா? அக்கா தீன்னு மட்டுந்தானே சொன்னாங்க."

மகேந்திரனின் குரல் இப்போது வேறாக வந்தது. "நம்மள எத்தன எஸ்டேட்டுலேருந்து வெரட்டுனாங்க? மிச்சம் இந்தப் பன்னெண்டு வீடு. இன்னிக்கு ஒருத்தன உள்ள விட்டா நாளைக்குப் பத்துப் பேரு வருவான். சும்மா பயமுறுத்துனா போயிடுவாங்கன்னு நெனச்சேன். நீங்க எல்லாரும் சேந்து அவங்கள ஒட்ட வச்சுக்கிட்டா நான் என்ன செய்யுறது?"

"என் பிள்ளைங்க உள்ள இருந்துச்சுங்கண்ணே" என்றாள் பஞ்சாலை. "ஒங்க கார்லதானே வந்தேன். வழியெல்லாம் ஒங்ககிட்டதானே அழுதேன்."

அவர் அவளைப் பார்க்கவில்லை. கூட்டத்தைப் பார்த்தார். "நான் மட்டுமா நெனச்சேன்? இவன் எப்ப போவான்னு என்கிட்ட எத்தன பேரு கேட்டீங்க?"

நாலைந்து பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். முகுந்தன் அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். காலையில் யோசிக்காமல் கம்பத்தின்மேல் பழி போட்டது நினைவுக்கு வந்து அவரும் தலையைக் குனிந்தார்.

புகார் கொடுக்க அமீன் மறுத்தான். கடைசியில் சம்மதிக்க வைத்தவள் ஹலீமா. குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவளே போய் வேனில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். மாரியம்மா கடையைச் சாத்திவிட்டு அவள் பக்கத்தில் ஏறினாள். பிறகு சசிதரன், பிறகு பஞ்சாலை. காவல் நிலையத்தில் சௌந்தரவல்லி அமீனுக்குப் பக்கத்திலேயே நின்று ஒவ்வொரு சொல்லையும் சரிபார்த்தார். மகேந்திரனை அழைத்து வரப் போலீஸ் வண்டி புறப்பட்டதைப் பார்த்த பிறகுதான், அமீனையும் கூட்டிக்கொண்டு அவர்கள் திரும்பினார்கள்.

லயத்தில் இறங்கும்போது பொழுது சாய்ந்திருந்தது. பாராங்கத்திகளைக் காணோம். யார் வீட்டிலோ மீன் பொரிக்கும் வாசம் வந்தது. பஞ்சாலை தன் வாசல்வரை போய்விட்டு மறுபடி வேனுக்கே வந்தாள்.

"அக்கா, ஆளப் பிடிச்சாச்சு. இன்னிக்குக் கதவத் தாப்பா போடாம படுக்கலாமா?"

சௌந்தரவல்லி பன்னிரண்டு வீடுகளையும் பார்த்தார். மண்டபத்தில் தலை குனிந்தவர்களில் யார் யார் எந்த வீட்டுக்குள் போனார்கள் என்பது அவருக்குத் தெரியும்.

"போட்டுக்கம்மா" என்றார். "ஹலீமாவையும் போடச் சொல்லு."